வீட்டு இணையமும் தொலைக்காட்சியும்: சேவையாளரைத் தேர்வதற்கான அளவுகோல்கள்

1. நோக்கமும் எல்லையும்

தமிழ்நாட்டு நகரங்களில் பல தெருக்களில் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட இணையக் கம்பிகள் ஓடுகின்றன. பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல், ஆக்ட் போன்ற பெரிய பெயர்களோடு உள்ளூர் கேபிள்காரர்களும் இணைப்புத் தருகிறார்கள். விளம்பரங்கள் வேகத்தையும் விலையையும் முன்னிறுத்துகின்றன. ஆனால் சேவையின் தரத்தைத் தீர்மானிப்பவை தெருமுனையிலிருந்து வீட்டுக்குள் வரும் கடைசிக் கம்பியும் அதைப் பழுதுபார்க்கும் ஏற்பாடும்தான் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இணைப்பு, வேகம், தொலைக்காட்சி, கட்டணம், முறையீடு என்னும் வரிசையில் அது இங்கே ஆராயப்படுகிறது.

2. இணைப்பின் வகைகள்

2.1 வீட்டுக்குள் வரை ஃபைபர். நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை, வழியிலுள்ள பிரிப்பான்களால் பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. இந்தப் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே தெருவில் கரண்ட் போனாலும், மோடம் இன்வெர்ட்டரில் ஓடினால் பொதுவாக நெட்டும் ஓடும்.

2.2 தெருமுனை வரை ஃபைபர். அங்கிருந்து வீட்டுக்கு லேன் கம்பியோ கேபிள் டிவி கம்பியோ வரும். இடையிலுள்ள சுவிட்ச், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றுக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி வைக்காத இடத்தில் கரண்டோடு இணைப்பும் போய்விடும். இதுவும் ஃபைபர் என்ற பெயரிலேயே விற்கப்படுவதுண்டு.

2.3 வான்வழி 5ஜி. 2023 செப்டம்பரில் அறிமுகமான ஜியோ ஏர்ஃபைபர் இவ்வகை. கம்பி இழுக்க வழியில்லாத வீட்டுக்கு இது நல்ல துணை. கோபுரத்தின் திறனைப் பலரும் பங்கிடுவதால், நெரிசலான நேரத்தில் வேகம் குறையக்கூடும்.

முதல் வகையே சிறந்தது. அதை அடையாளம் காண்பதும் எளிது. மெல்லிய கம்பி ஒன்று பச்சை அல்லது நீல முனையோடு நேரே மோடத்துக்குள் நுழையும். 'லாஸ்' எனக் குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஜன்னல் சட்டத்தில் கம்பி நசுங்கினாலோ கூர்மையாக மடிந்தாலோ ஒளி குறைந்துவிடும். லைன்மேன் மீட்டரில் பார்க்கும் ஒளியின் அளவு மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கினால் இணைப்பு தடுமாறத் தொடங்கும். பொருத்தும் நாளிலேயே அந்த எண்ணைக் கேட்டுக் குறித்து வைப்பது நல்லது. பின்னாளில் பழுது வரும்போது ஒப்பிட அது ஒன்றே சான்று.

3. வேகம்

இந்தியாவில் 2004-இல் 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் எனப்பட்டது. மத்திய அரசின் 2023 ஜனவரி அறிவிக்கை அதைக் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. குடும்பத் தேவைக்கு இந்தக் கீழெல்லை போதாது. முழு எச்டி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸின் பரிந்துரை. ஒரு 4கே டிவி, இரண்டு கைபேசிகளில் எச்டி, ஒரு வீடியோ அழைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் தேவை 30 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடும். ஆகவே நால்வர் குடும்பத்துக்கு 50 போதும், 100 தாராளம்.

இறக்க வேகத்தை மட்டும் பார்ப்பது பிழை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் இணையவழி வகுப்பு எடுப்போருக்கும் பதிவேற்ற வேகம் அதே அளவு முக்கியம்.

"100 எம்பிபிஎஸ் வாங்கியும் நொடிக்கு 12 எம்பிதான் இறங்குகிறது" என்ற குறை அடிக்கடி கேட்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 12.5 எம்பியே முழு வேகம். வைஃபையில் அளந்துவிட்டு நிறுவனத்தைக் குறை கூறுவதும் சரியன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவர்களைக் கடக்கையில் வெகுவாகத் தளர்ந்துவிடும். மோடத்தில் லேன் கம்பி செருகி அளந்தால்தான் பழுது வீட்டிலா வெளியிலா என்று தெரியும்.

4. தொலைக்காட்சி

4.1 கேபிள். 2007-இல் தொடங்கி 2011-இல் புத்துயிர் பெற்ற அரசு கேபிள் நிறுவனம், மாதம் 70 ரூபாய்க்குச் சேனல்களைத் தந்து கட்டணத்தை எளியோர் கைக்கு எட்டச் செய்தது. இன்றும் கேபிளின் வலிமை, கூப்பிட்டால் வரும் உள்ளூர் ஆள்தான்.

4.2 டிஷ். சன் டைரக்ட், டாடா பிளே போன்றவற்றுக்குத் தெருக் கம்பி தேவையில்லை. ஆனால் அவை பயன்படுத்தும் அலைவரிசையைக் கனமழை மங்கச் செய்யும். வடகிழக்குப் பருவமழையில் படம் உறைவது இதனால்தான். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே இல்லை. ஆனால் அதில் தமிழ்ச் சேனல்கள் குறைவு.

4.3 இணையவழி. நெட்டோடு சேர்த்துத் தரும் டிவி மலிவாகத் தோன்றும். ஆனால் ஒரு கம்பி அறுந்தால் இரண்டும் நின்றுவிடும். டிவியே துணையாக இருக்கும் முதியோர் உள்ள வீட்டில் இரண்டையும் தனித்தனியே வைப்பதே முறை.

ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொன்றில் வேலை செய்யாது. இந்நிலை மாற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. நுகர்வோர் அதை வலியுறுத்திக் கேட்க வேண்டும்.

5. கட்டணம்

599 ரூபாய் பிளானுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 706.82 ரூபாய். பொருத்தும் செலவு, மோடம் வைப்புத்தொகை, சலுகைக் காலம் முடிந்தபின் வரும் விலை ஆகியவற்றையும் கூட்டி, ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கணக்கிட்டே ஒப்பிட வேண்டும்.

டிவியில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. 2020-இல் அதே தொகைக்கு 200 சேனல்கள் என்றானது. 2024 ஜூலையில் உச்சவரம்பே நீக்கப்பட்டது. எனவே நிறுவனத்துக்கு நிறுவனம் விலை வேறுபடலாம். கேட்டுப் பார்ப்பதன் பயன் இப்போது கூடியிருக்கிறது. கட்டணச் சேனல்களைப் பேக்காகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பார்ப்பவற்றை மட்டும் தனித்தனியே கேட்டு வாங்கும் உரிமை உண்டு.

6. பழுதும் முறையீடும்

இணையப் புகாருக்கு முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தை அணுகிப் பதிவு எண் பெற வேண்டும். தீராவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பதிவு எண் இல்லாமல் தொலைபேசியில் சொன்ன புகாருக்கு எங்கும் மதிப்பில்லை.

7. முடிவு

சேவையாளரைத் தேரும்போது முதலில் அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகளில் விசாரிக்க வேண்டும். கடந்த மழையில் எத்தனை நாள் நெட் இல்லை, யார் வந்து சரிசெய்தார் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். அடுத்து, வீட்டுக்குள் நுழைவது இழையா, லேன் கம்பியா என்று பார்க்க வேண்டும். வேகமும் விலையும் அதன்பின் வருபவை. முதல் முறை ஓராண்டுப் பணம் கட்டாமல், விலை சற்றுக் கூடினாலும் ஒரு மாதமோ மூன்று மாதமோ எடுப்பதே நலம். பிடிக்காவிட்டால் விலகும் வழி கையில் இருக்கும்வரைதான் நிறுவனம் வாடிக்கையாளர் சொல்லுக்குச் செவிசாய்க்கும்.