முதல் ஊசி யாருக்கு?

செஞ்சிக் கோட்டையை 1750-ல் ஒரே ராத்திரியில் பிடித்தார் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. சோதனை பிறகுதான்! ஒரு சமயத்தில் 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அங்கே இருந்ததில்லை. ஆனால், பத்தே வருடங்களில் 1,200 பேர் செத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் ராபர்ட் ஓர்ம். பீரங்கியால் அல்ல, நோயால்.

சிப்பாயிடம் ‘கையை நீட்டு’ என்று உத்தரவு போடலாம். ஊர் ஜனங்களிடம்? 1802-ல் பெரியம்மைத் தடுப்பு மருந்து சென்னை ராஜதானிக்கு வந்தபோது கம்பெனி அதிகாரிகள் முழித்தார்கள். அம்மை கண்டால் ‘மாரியாத்தா வந்திருக்கா’ என்று வாசலில் வேப்பிலை செருகும் ஊர். அதோடு, ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி ஏற்றும் முறை அது. யார் வீட்டுக் குழந்தையின் நீர் யார் வீட்டுக் குழந்தைக்கு? ஜாதி சும்மா இருக்குமா!

பிற்பாடு சென்னை கலெக்டராக இருந்த எல்லீஸ் (திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவரேதான்) ஒரு யோசனை செய்தார். பசுவிலிருந்து வந்த இந்த மருந்து தேவி தந்த வரம் என்று, தன்வந்திரியை வைத்துப் புராண பாணியில் கதையே எழுதிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் அது சம்மதிக்கவைக்கிற வித்தை, அபிப்பிராயம் கேட்பதல்ல.

கேட்டுப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1976-ல் 4 கோடிப் பேருக்கு அவசர அவசரமாகப் பன்றிக்காய்ச்சல் ஊசி போட்டு, கொள்ளைநோய் வராமலே போய், பாதியில் நிறுத்திய அனுபவம் அவர்களுக்கு! உலகம் பூரா ஃப்ளூ பரவி ஊசி மருந்து பற்றாமல் போனால் யாருக்கு முதலில் என்று 2005-ல் சாதாரண ஜனங்களை உட்காரவைத்துக் கேட்டார்கள். நாடு ஸ்தம்பிக்காமல் ஓடுவதற்கே முதலிடம் என்றார்கள் அவர்கள். சாவைக் குறைப்பது அதற்கடுத்துத்தான்.

2010-ல் நம் நாட்டில் பன்றிக்காய்ச்சல் ஊசி மருத்துவ ஊழியர்களுக்கே முதலில் என்று டெல்லி தீர்மானித்தது. நியாயம்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கேட்டிருந்தால்? நாளெல்லாம் நூற்றுக்கணக்கான கைகளிலிருந்து சில்லறை வாங்கும் கண்டக்டர், ‘என் பேரையும் எழுதிக்குங்க சார்’ என்றிருப்பார்.