முக்காலியும் கருங்காலி நாற்காலியும்

நம் முன்னோர் உட்காரும் சாமானுக்குக் காலை எண்ணித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று கால் என்றால் முக்காலி, நான்கு என்றால் நாற்காலி. யாழ்ப்பாணத்தார் சொல்லும் கதிரை போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். நாம் சொல்லும் மேசையும் அப்படித்தான்.

மூன்று கால் எதற்கு? சாணி மெழுகிய மண் தரை எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. நாற்காலி போட்டால் ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடும், காகிதத்தை மடித்துச் செருகுவோம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. பால் கறப்பவருக்கு முக்காலி, சர்வேயர் கருவிக்கு மூன்று கால் ஸ்டாண்டு, எல்லாம் இந்தக் காரணத்தால்தான்.

இங்கிலாந்திலும் பழைய வீடுகளில் தரை மேடு பள்ளம்தான். அங்கே 16, 17ஆம் நூற்றாண்டுகளில் மூன்று கால் வைத்த சாய்வு ஆசனங்களைக் கடைசலில் செய்தார்கள். இருக்கை முக்கோணப் பலகை. முன்னால் இரண்டு கால், பின்னால் ஒன்று. பின்கால் அப்படியே மேலே நீண்டு முதுகைத் தாங்கும். கைப்பிடி, குறுக்குக் கட்டை எல்லாம் உருட்டிக் கடைந்தவை. கால் கட்டையில் துளை போட்டு, நன்றாகக் காய்ந்த குறுக்குக் கட்டையைச் செருகுவார்கள். கால் காயக் காயத் துளை இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரே குறை, பக்கவாட்டில் சாய்ந்தால் ஆளோடு கவிழ்ந்துவிடும். லண்டன் கடைசல்காரர்களுக்குத் தனிச் சங்கமே உண்டு, 1604இல் அரச பட்டயம் பெற்றது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் பட்டமளிப்பு விழாவில் இன்றும் அப்படிப்பட்ட மூன்று கால் ஆசனத்தில்தான் அமர்கிறார்.

இதில் நம் ஊருக்கு என்ன சம்பந்தம்? ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு பழம்பொருள் பைத்தியம். 1761இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பண்ணை வீடுகளில் மூன்றரை ஷில்லிங்குக்கும் ஐந்து ஷில்லிங்குக்கும் கிடைக்கும் முக்கோண ஆசனங்களைப் பற்றி ஆசையோடு எழுதினார். அவரே கன்னங்கரேலென்ற கடைசல் நாற்காலிகளையும் வாங்கிச் சேர்த்தார். கார்டினல் வுல்சி வாழ்ந்த மாளிகையில் அந்த மாதிரி நாற்காலிகள் இருந்ததால், அவை வுல்சி காலத்து ஆங்கில வேலை என்றே நம்பினார். ஊரும் நம்பியது.

வுல்சி இறந்தது 1530இல். அந்தக் கருங்காலி நாற்காலிகளோ 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். முறுக்குக் கடைசல் கால்கள், பூவும் பறவையுமாகச் செதுக்கிய சட்டங்கள். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் துணிக்காக இந்தக் கரைக்கு வந்த காலம் அது. வடக்கே பழவேற்காடு, தெற்கே சதுரங்கப்பட்டினம் இரண்டும் டச்சுக்காரர் துறைகள். நம் கேளம்பாக்கம் நடுவில் இருக்கிறது.

செய்த ஆசாரிகள் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் நூறு ஆண்டுக்கும் மேலாக அவர்கள் கைவேலை வேறொரு நாட்டின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்று அவை இந்திய வேலை என்ற பெயரோடு இருக்கின்றன.

ஓ.எம்.ஆர். பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, கடைசல் கால் வைத்த கட்டில், தொட்டில், முக்காலி எல்லாம் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போகின்றன. கொடுப்பதானாலும் கொடுங்கள். வைத்துக்கொள்வதானால், எந்த ஊர் ஆசாரி, எந்த வருஷம், யார் கல்யாணத்துக்குச் செய்தது என்று தெரிந்ததை ஒரு சீட்டில் எழுதி அடிப்பலகையில் ஒட்டி வையுங்கள். சொல்ல நாம் இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.