வான்வழி அறிதல்: தீ மூட்டம் முதல் கைக்கருவி வரை

தான் நிற்கும் இடத்தை அறிதல் மனிதனது மிகப் பழைய தேவைகளுள் ஒன்றாகும். தரையில் வழி தவறியவன் நின்று பிறரை வினவலாம். கடலில் வழி தவறியவன் பாய்களை இறக்கி விடியலை எதிர்நோக்கலாம். வானில் வழி தவறியவனுக்கு இவ்விரண்டும் இயலா. எரிபொருள் தீரும்வரையே அவனுக்குக் காலம் உண்டு. எனவே வானூர்தியின் வரலாறு பொறியின் வரலாறாக இருத்தல் போலவே வழியறிதலின் வரலாறாகவும் அமைந்துள்ளது. பொழுதுபோக்குக்காகச் சிறிய வானூர்திகளைச் செலுத்துவோர் இன்று தம் கையிலோ முழங்காலிலோ வைத்துப் பயன்படுத்தும் ஜீ.பீ.எஸ். கருவியை இவ்வரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்கும்போதே அதன் முழுப்பொருள் புலனாகும்.

முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் தபால் விமானிகள் புகையிரதப் பாதைகளையும் ஆறுகளையும் பார்த்தே பறந்தனர். இரவில் பறத்தல் இயலாதிருந்தமையால், பகலில் விமானத்தில் சென்ற தபால் இரவில் புகையிரதத்துக்கு மாற்றப்பட்டது. இந்நிலையில் 1921 பெப்ரவரி 22 ஆம் திகதி, இரவு பகலாகக் கண்டத்தைக் கடக்கும் ஒரு சோதனை தொடங்கப்பட்டது. இரு கரைகளிலிருந்தும் புறப்பட்ட விமானங்களுள் ஒன்று வீழ்ந்து விமானி உயிரிழந்தார். மேற்கு நோக்கிய பயணம் சீரற்ற வானிலையால் சிக்காகோவில் நின்றது. நெப்ராஸ்கா மாநிலத்தின் வட பிளாற்றிலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்த ஜாக் நைற் என்பவர், ஒமாகாவில் தம்மை விடுவிக்க வேண்டிய விமானி வந்து சேராமையால், தாம் ஒருபோதும் பறந்திராத வழியில் சிக்காகோ வரை தொடர்ந்து சென்றார். அவருக்கு வழிகாட்டியவை ஒரு தெருப்படமும், நிலத்தில் மக்கள் மூட்டிய தீயுமே. தபால் 33 மணி 20 நிமிடத்தில் கண்டத்தைக் கடந்தது. இவ்வெற்றியின் பின்னர் அரசு வான்வழிகளில் ஒளிக்கோபுரங்களை நிறுவலாயிற்று. பகலில் திசை காட்டும் பொருட்டு நிலத்தில் கொங்கிறீற்று அம்புக்குறிகளும் அமைக்கப்பட்டன. வழியறிதல் தனிமனிதனின் துணிவிலிருந்து அரசின் பொறுப்பாக மாறிய கட்டம் இதுவெனலாம்.

ஒளி முகிலினூடே புலப்படாது. வானொலி அலை புலப்படும். 1920 களின் பிற்பகுதியில் தோன்றிய வானொலி நிலையங்கள் மோர்ஸ் குறியீட்டில் இரு எழுத்துக்களை ஒலிபரப்பின. பாதையின் ஒரு பக்கத்தில் ஓரெழுத்தும் மறுபக்கத்தில் மற்றதும் மிகுந்து கேட்கும்; சரியான பாதையில் இரண்டும் இணைந்து தொடரொலியாகும். விமானி செவியாலேயே வழியறிந்தான். ஆயின் நிலையங்கள் அற்ற பெருங்கடலில் இம்முறை பயன்படவில்லை. 1937 ஜூலை 2 ஆம் திகதி அமீலியா ஏர்ஹாட் அம்மையார், பசுபிக் சமுத்திரத்தில் மூன்று கிலோமீற்றருக்கும் குறைந்த நீளமுடைய ஹவுலண்ட் தீவைத் தேடிப் பறந்து, வழிகாட்டியுடன் மறைந்தார். தீவருகே காத்து நின்ற கப்பலில் அவரது குரல் கேட்டது; அவரிருந்த இடம் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின் மீயுயர் மீடிறன் வானொலி நிலையங்கள் பரவின. எனினும் பொழுதுபோக்கு விமானியின் முதன்மைக் கருவிகள் தேசப்படம், திசைகாட்டி, கடிகாரம், பென்சில் என்பனவாகவே இருந்தன. அவன் புறப்படுமுன் படத்தில் கோடு வரைந்து, காற்றின் வேகத்தையும் திசையையும் கணித்து, எந்நிமிடத்தில் எவ்வூர் கீழே தோன்றும் என எழுதிக்கொள்வான். அறுபது மைல் பறந்தபின் ஒரு பாகைப் பிழை ஏறத்தாழ ஒரு மைல் விலகலாகும் என்பது அவன் மனனஞ் செய்த விதி. இம்முறை மெத்தனத்துக்கு இடமளிக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் தன் ஊகத்தை நிலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்குமாறு அது விமானியை நிர்ப்பந்தித்தது.

1957 ஒக்ரோபர் 4 ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் செய்மதி இவ்வரலாற்றை வேறு திசையில் திருப்பியது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் கையர், வைபன்பாக் என்னும் இருவர் அதன் ஒலிக்குறிகளின் டொப்ளர் மாற்றத்தைக் கொண்டு அதன் பாதையைக் கணித்தனர். செய்மதியின் இடம் தெரியின் கேட்பவன் நிற்கும் இடத்தைக் கணிக்கலாமே என அவர்களது மேலாளர் மக்குளூர் வினாவைத் தலைகீழாக்கினார். அதன் விளைவாகிய ட்ரான்சிற் முறைமை 1964 முதல் அமெரிக்கக் கடற்படைக்குப் பயன்பட்டது. ஸ்புட்னிக் ஏவப்படுவதற்கு ஓராண்டு முன்பே, 1956 இல், பிற்காலத்தில் இலங்கையின் நிரந்தர வாசியாக அறியப்பட்ட ஆதர் சி. கிளார்க், செய்மதிகளின் துணையால் கைக்கடிகார அளவிலான கருவியைக் கொண்டு எவரும் தம் இடத்தை அறியக்கூடும் என ஒரு கடிதத்தில் எழுதியிருந்தமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

ட்ரான்சிற் விரைந்து செல்லும் விமானத்துக்குப் பொருந்தவில்லை. அக்குறையை நீக்க 1973 இல் ஜீ.பீ.எஸ். திட்டம் உருவாயிற்று, 1978 பெப்ரவரியில் முதற் செய்மதி ஏவப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அணுக்கடிகாரங்களைத் தாங்கிச் சுழலும் செய்மதிகளுள் நான்கிலிருந்தேனும் வரும் நேரக்குறிகளை ஒப்பிட்டுக் கருவி தன் இடத்தைக் கணிக்கின்றது. இது போர்த்தேவையில் பிறந்த முறைமை. அதனைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியதில் ஒரு பெருந்துயருக்கும் பங்குண்டு. 1983 செப்டெம்பர் 1 ஆம் திகதி, வழிவிலகிய கொரிய விமானமொன்றைச் சோவியத் போர் விமானம் சகலின் தீவருகே சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் மாண்டனர். இரு வாரங்களின் பின், முறைமை நிறைவுற்றதும் உலகப் பொதுப் பயன்பாட்டுக்குக் கட்டணமின்றி வழங்கப்படும் என ரீகன் அரசு அறிவித்தது. ஆயின் அவ்விமானத்தில் அக்காலத்துச் சிறந்த வழியறி கருவிகள் இருந்தன என்பதை மறத்தலாகாது. தானியங்கிச் செலுத்தி அக்கருவிகளுடன் இணையாது, ஒரே காந்தத் திசையில் விடப்பட்டிருந்தமையே விலகலுக்குக் காரணமெனச் சர்வதேச விசாரணை 1993 இல் கருதியது. பிழை கருவியிலன்று, கருவியை நம்பிச் சரிபாராது விட்டதிலேயே இருந்தது.

அவ்வாறு வழங்கப்பட்ட கொடையும் முழுமையானதன்று. பொதுமக்களுக்குரிய குறியில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே சேர்த்த பிழையால் கணிப்பு நூறு மீற்றர் வரை விலகியது. 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அரசு அதனை நீக்கியது. இதற்கிடையில், 1989 இல் தொடங்கப்பட்ட கார்மின் போன்ற நிறுவனங்கள், நகரும் படத்துடன் கூடிய கைக்கருவிகளை 1990 களில் சிறு விமானிகளின் கைக்கெட்டச் செய்தன. அடுத்த பத்தாண்டில் சட்டைப்பைக் கணினிகளில் இயங்கும் வழியறி மென்பொருள்கள் தோன்றின. 2007 இல் போர்பிளைட் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2010 இல் ஐபாட் வெளிவந்தபின் தேசப்படம், விமான நிலைய விபரம், வானிலை ஆகிய யாவும் ஒரு பலகையில் அடங்கின.

இம்மாற்றத்தின் நன்மையைச் சிறிதாக மதிப்பிடல் தகாது. 2005 மே 11 ஆம் திகதி, இருவர் சென்ற செஸ்னா 150 என்னும் சிறு வானூர்தி வழிதவறி வொஷிங்டனின் தடை வான்பரப்பினுள் நுழைந்தது. வெள்ளை மாளிகையும் சட்டசபைக் கட்டடமும் வெறுமையாக்கப்பட்டன. போர் விமானங்கள் எழுந்தன. தடை எல்லைகள் நிலத்தில் வரையப்பட்டிருப்பதில்லை. அவை படத்தில் மட்டுமே உள்ளன. அவ்வெல்லையையும் விமானியின் இடத்தையும் ஒரே திரையில் காட்டி, நெருங்கும்போது எச்சரிக்கும் மென்பொருள் இத்தகைய தவறுகளுக்கு நேரிய மருந்தாகும்.

எனினும் திரை காட்டுவது யாவும் அக்கணத்து உண்மையன்று. வான்பரப்புத் தரவுகள் 28 நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. புதுப்பிக்காதவன் பழைய உலகில் பறக்கிறான். திரையில் தோன்றும் மழைமுகிற் படம், அதில் குறிக்கப்பட்ட நேரத்தைவிடப் 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாயிருத்தல் கூடுமென 2012 இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை எச்சரித்தது. அப்படத்தை நம்பி இடிமுகில்களிடையே இடைவெளி தேடியோர் உயிரிழந்தமையே அவ்வெச்சரிக்கைக்குக் காரணம். மேலும் செய்மதிக் குறி மிக நலிந்தது, எளிதில் குழப்பப்படக்கூடியது. 2022 இன் பின் பால்டிக் கடலை அண்டிய வான்பரப்பில் இக்குறுக்கீடு விமானிகளின் அன்றாட அனுபவமாயிற்று. ஐக்கிய அமெரிக்கா தன் பழைய வானொலி நிலையங்களைக் குறைத்தபோதும், செய்மதி பொய்க்குங்கால் துணையாகும் குறைந்தளவு வலையமைப்பொன்றைப் பேணுவது இதனாலேயே.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. உள்ளங்கையில் அடங்கும் கருவி விமானியைச் சுதந்திரனாக்கியதாகத் தோன்றுகின்றது. உண்மையில், தீ மூட்டிய கிராமத்தவரை நம்பிய நைற் போலவே, அவனும் பிறர் ஏற்றிய விளக்கையே நம்பியுள்ளான். அவ்விளக்கு வானில் இருக்கின்றது. அதனை ஏற்றவும் மங்கச் செய்யவும் வல்லது ஓர் அரசு. ரஷ்யாவும் ஐரோப்பாவும் சீனாவும் தத்தமக்கெனத் தனிச் செய்மதித் தொகுதிகளை அமைத்தமை இதை உணர்ந்தே ஆகும். தனி விமானிக்கு அத்தகைய வசதி இல்லை. அவனுக்குள்ள மாற்று வழி, பென்சிற் கோடும் கடிகாரமும் சாளரத்தினூடே கீழே நோக்கும் கண்ணுமே. கருவியைக் கைவிடுமாறு வரலாறு கூறவில்லை. கருவி கூறுவதை நிலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிடலாகாது என்றே கூறுகின்றது.