யவனக் காவலர்

யவனக் காவலர் என்போர் பண்டைத் தமிழ் மன்னரின் பாசறையிலும் கோட்டை வாயிலிலும் காவல் புரிந்த மேலைநாட்டு வீரர். சங்க இலக்கியத்தில் யவனர் என்பது கிரேக்கரையும் ரோமானியரையும் சேர்த்தே குறிக்கும். பிற்காலத்தில் அராபியருக்கும் அப்பெயர் வழங்கியது.

வருகை: கி.மு. 30இல் எகிப்து ரோமின் ஆட்சிக்குள் வந்தபின், செங்கடல் வழியே தென்னிந்தியாவுக்கு வந்த மரக்கலங்கள் பெருகின. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் யவனர் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. கடற்கொள்ளையர் தொல்லையால் இக்கலங்களில் வில்வீரர் அணிகளும் ஏறி வந்தன என்கிறார் ரோமானிய அறிஞர் பிளினி. ஆகவே வணிகரோடு போர்த்தொழில் அறிந்தவர்களும் தென்னிந்தியத் துறைகளுக்கு வந்துபோயினர்.

பாசறையில்: இவர்களை மிக அருகிலிருந்து காட்டுவது நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. இடையில் குதிரைச் சவுக்கைச் சுற்றி, ஆடையை நெருக்கிக் கட்டி, மேலே சட்டை அணிந்த அச்சந்தரும் தோற்றம்; வலிமை கூடிய உடல்; இரக்கமற்ற பார்வை. புலிச்சங்கிலி தொங்கவிட்ட அரசனின் இருக்கையை அமைத்து, விளக்கேற்றி வைப்பது இவர்கள் பணி. உள்ளே பள்ளியறையைக் காத்தவர்கள் வாய் பேசாது சைகையால் உணர்த்தும் மிலேச்சர் எனப்பட்ட அயலார்.

கோட்டை வாயிலில்: சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மதில்வாயிலைக் கொலைவாள் ஏந்திய யவனர் காக்கின்றனர். அவர்கள் ஐயுறாதபடி காப்பியத் தலைவன் கோவலன் நகருக்குள் நுழைகிறான். ஊர் உறவோ குலப்பகையோ இல்லாத அயலாரிடம் வாயிற்காவலை ஒப்படைத்தது அரசருக்கு நன்மையாக இருந்திருக்க வேண்டும்.

பகை: எல்லா யவனரும் அரண்மனைக்கு வேண்டியவராக இருக்கவில்லை. சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைச் சிறைப்பிடித்து, தலையில் நெய் பெய்து, கைகளைப் பின்கட்டி, விலையுயர்ந்த கலங்களையும் வயிரத்தையும் கைக்கொண்டான் எனப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம் தெரிவிக்கிறது.

தொல்லியல்: 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் இத்தாலியச் செந்நிறப் பூச்சுக் கலங்களும் மது கொணர்ந்த ஆம்போரா சாடிகளும் கிடைத்தன. இவை வணிகத்துக்குச் சான்று. அந்த வணிகத்தின் துணையோடு வந்தவர் காவற்பணியிலும் அமர்ந்ததைத் தமிழ்ப் பாடல்கள் உடையும் கருவியும் பணியுமாகப் பதிந்து வைத்திருக்கின்றன. ரோமானிய உலகின் கிழக்கு விளிம்பை அறிய விரும்புவோர் கிரேக்க, இலத்தீன் நூல்களோடு முல்லைப்பாட்டையும் படிக்க வேண்டும்.