அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தியம்

ஒரு கிராமத்துக் கோயிலுக்குள் போவோம். பிரெஞ்சுப் புரட்சி என்றதும் நமக்குக் கில்லட்டின்தான் கண்முன் வருகிறது. அந்தப் புரட்சி ஊர் ஊராக எங்கே பிளந்தது என்று கேட்டால், நான் கோயில் பீடத்தைத்தான் காட்டுவேன்.

1791 ஜனவரி, பிப்ரவரி மாதத்து ஞாயிறுகள். பூசை முடிந்துவிட்டது. ஊர் மன்றத்தார் பார்த்திருக்க, சனங்கள் பார்த்திருக்க, பங்குச்சாமியார் ஒரு சத்தியம் செய்ய வேண்டும். என் பங்கு மக்களைக் கருத்தாய்ப் பராமரிப்பேன். நாட்டுக்கும் சட்டத்துக்கும் மன்னருக்கும் உண்மையாய் இருப்பேன். தேசிய மன்றம் இயற்றி மன்னர் ஏற்ற அரசியலமைப்பை முழு பலத்தோடு காப்பேன். செய்வதாக இரண்டு நாள் முன்பே ஊர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். செய்யாதவர் பதவியைத் துறந்தவராகக் கருதப்படுவார்.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. முள் இருந்தது ‘அரசியலமைப்பு’ என்ற சொல்லில், திருச்சபையை மாற்றிய சட்டங்களும் அதற்குள் அடக்கம். 1789 நவம்பர் 2ஆம் தேதி திருச்சபையின் சொத்தெல்லாம் நாட்டின் வசம் போனது. அதை முன்மொழிந்தவரே ஓர் ஆயர், ஓத்தன் மறைமாவட்டத்தின் தலேரான். 1790 ஜூலை 12இல் குருக்களுக்கான குடிமைச் சட்டம் வந்தது. 135 போல இருந்த மறைமாவட்டங்கள் 83 ஆயின. ஆயரையும் பங்குத்தந்தையையும் இனி வாக்காளர்களே தேர்ந்தெடுப்பார்கள். அந்த வாக்காளர்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. புதிய ஆயர் போப்பாண்டவருக்குத் தகவலாக ஒரு கடிதம் எழுதினால் போதும், அவருடைய ஒப்புதல் தேவையில்லை.

ஏழைச் சாமியாருக்கு இதில் நன்மையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பல கிராமச் சாமியார்கள் ஆண்டுக்கு 700 லிவர் படியில் காலம் தள்ளியவர்கள். புதிய சட்டம் குறைந்தது 1200 தந்தது. மேட்டுக்குடி ஆயர்களின் ஆடம்பரத்தைப் பார்த்து வெதும்பியிருந்தவர்களும் அவர்கள்தான்.

இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது ரோமின் மௌனம். சட்டம் வந்தது ஜூலையில். ஆறாம் பயஸ் வெளிப்படையாக அதைக் கண்டித்தது 1791 மார்ச்சிலும் ஏப்ரலிலும். சத்தியம் கேட்கப்பட்டதோ இடைப்பட்ட குளிர்காலத்தில். சாமியார் யாரிடம் கேட்பது? தன் ஆயர் ஒன்று சொல்கிறார், பக்கத்துப் பங்குச்சாமியார் வேறொன்று சொல்கிறார், ஊரார் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயர்களில் சத்தியம் செய்தவர்கள் ஏழே பேர். பங்குக் குருக்களில் பாதிக்குச் சற்று மேல் செய்தார்கள். மேற்கிலும் அல்சாசிலும் மறுத்தவர்கள் மிகுதி. பாரிசைச் சுற்றியும் தென்கிழக்கிலும் செய்தவர்கள் மிகுதி. ‘ஆன்மிகக் காரியங்கள் நீங்கலாக’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சத்தியம் செய்தவர்களும் உண்டு. சில ஊர்களில் மன்றத்தார் அந்த வார்த்தை காதில் விழாததுபோல் இருந்துவிட்டார்கள். தங்கள் சாமியாரை இழக்க அவர்களுக்கு மனமில்லை.

மறுத்தவரின் இடத்துக்குப் புதியவர் வந்தார். மேற்குக் கிராமங்களில் அவருக்கு ‘அத்துமீறி நுழைந்தவர்’ என்றே பெயர். கோயில் சாவி கிடைக்காது, பீடத்தில் உதவிக்குப் பையன் வரமாட்டான். பழையவரோ களஞ்சியத்தில் பூசை வைப்பார். ஒரே தெருவில் ஒரு குழந்தைக்கு இவரிடம் ஞானஸ்நானம், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அவரிடம்.

1792 ஆகஸ்ட் 26இல் கடுமை முற்றியது. சத்தியம் செய்யாத குருக்கள் 15 நாளில் நாட்டைவிட்டுப் போக வேண்டும், இல்லையேல் கயானாவுக்கு நாடுகடத்தல். அடுத்த வாரமே, செப்டம்பர் 2ஆம் தேதி, பாரிஸ் கார்மல் மடத்தில் அடைபட்டிருந்தவர்கள்மீது கூட்டம் பாய்ந்தது. ஆர்ல் பேராயர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள்.

போகாமல் ஒளிந்தவர்களில் ஒருவர் நோயல் பினோ. ஆன்ழே நகருக்கு அருகே லூரூ பெக்கொனேயின் பங்குத்தந்தை. சத்தியம் செய்ய மறுத்ததோடு நில்லாமல் பிரசங்க மேடையிலிருந்தே அதைக் கண்டித்தார், பங்கைவிட்டு விரட்டப்பட்டார். 1793இல் திரும்பி வந்து, பகலில் தொழுவங்களில் படுத்து, இரவில் பண்ணை பண்ணையாக நடந்தார். சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல், நள்ளிரவில் பூசை. 1794 பிப்ரவரியில் ஒரு பண்ணைவீட்டில் பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது சிப்பாய்கள் சூழ்ந்தார்கள். அவரை ஒரு பெட்டிக்குள் மறைத்தார்கள், பயனில்லை. காட்டிக்கொடுத்தவன், அவர் கையால் உதவி பெற்றவன். பிப்ரவரி 21 அன்று அதே பூசை உடுப்போடு அவரைக் கில்லட்டினுக்குக் கொண்டுபோனார்கள். மேடைப்படியில் கால் வைத்தபோது, பீடத்தின் அடியில் நின்று குரு பூசை தொடங்கும் செபத்தைச் சொன்னார்.

சத்தியம் செய்தவர்களாவது தப்பினார்களா? இல்லை. 1793 இலையுதிர்காலத்தில் கோயில்களெல்லாம் அடைபடத் தொடங்கின, மணிகள் உருக்கப்பட்டன. நவம்பர் 7இல் பாரிசின் சத்தியம் செய்த ஆயர் கோபெல், அப்போதைய தேசிய மன்றத்தின் முன் பதவியைத் துறந்தார். துறந்தும் அடுத்த ஏப்ரலில் அவர் தலை உருண்டது. அதே மன்றத்தில், எல்லோரும் கூச்சலிட, துறக்க மாட்டேன் என்று சொன்னவர் ப்ளுவாவின் ஆயர் ஹென்றி கிரேகுவார். முந்தைய தேசிய மன்றத்துக் குருக்களில் முதலாவதாகச் சத்தியம் செய்தவரும் அவரேதான். பயங்கர ஆட்சி நடந்த மாதங்களிலும் அவர் ஆயர் உடையிலேயே வந்து உட்கார்ந்தார்.

சாமியாரே இல்லாமற்போன ஊர்களில் சனங்கள் என்ன செய்தார்கள்? பர்கண்டிப் பக்கம் யோன் பகுதியில் ‘வெள்ளைப் பூசை’ நடந்தது. ஊர் வாத்தியாரோ படிக்கத் தெரிந்த வேறொருவரோ பூசைச் செபங்களை வாசிப்பார், ஊரே பாடும். அப்பமும் இரசமும் எழுந்தேற்றம் பெறாது, சற்பிரசாதம் கிடையாது. ஆனாலும் வந்தார்கள். நம்மூரில் சாமியார் வராத ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்தும் கோயில்களை அறிந்தவர்களுக்கு அந்த ஏக்கம் புரியும்.

லியோன் நகருக்கு அருகே எக்குல்லியில், 1799இல், ஒரு வீட்டு அறையில் சில பிள்ளைகளுக்குப் புதுநன்மை. சன்னல் அடைத்திருந்தது, மெழுகுவர்த்தி வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க, சன்னலுக்கு முன் வைக்கோல் வண்டிகளை நிறுத்தி ஆட்கள் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளில் ஒருவன் தார்தில்லிக் குடியானவர் மகன், 13 வயது ஜான் மரிய வியான்னி. பங்குக் குருக்களின் பாதுகாவலரென்று உலகம் கொண்டாடும் ஆர்ஸ் நகர்ப் புனிதர், நற்கருணையை முதலில் வாங்கியது அந்த வைக்கோல் மறைவில்தான்.

இதற்கிடையே, நாடுகடத்தலுக்காக ரோஷ்ஃபோர் துறைமுகத்துக் கப்பல்களில் அடைக்கப்பட்ட 829 குருக்களில் 547 பேர் உயிரோடு திரும்பவில்லை. கடைசியில், 1801இல் நெப்போலியனும் ஏழாம் பயசும் உடன்படிக்கை செய்தார்கள். 1802 ஏப்ரல் 18, ஈஸ்டர் அன்று நோத்ர தாம் கோயிலில் நன்றிப்பாடல் ஒலித்தது. சத்தியம் செய்த ஆயர்கள் பன்னிருவருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. கிரேகுவாருக்குக் கிடைக்கவில்லை.

1831 மே மாதம். கிரேகுவாருக்கு வயது 80. மரணப்படுக்கையில் அவர் அவஸ்தைப்பூசுதல் கேட்கிறார். நாற்பது ஆண்டுக்கு முன் செய்த சத்தியத்தை வாபஸ் வாங்கினால் தரலாம் என்கிறார் பாரிஸ் பேராயர். மனச்சாட்சிப்படி செய்தேன், மாற்ற மாட்டேன் என்கிறார் கிழவர். கிய்யோன் என்ற குரு, பேராயரின் தடையை மீறி வந்து, எந்த நிபந்தனையும் கேட்காமல் எண்ணெய் பூசினார். மே 28இல் கிரேகுவார் கண்மூடினார். சவவண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, இளைஞர்கள் தாங்களே அதை மோன்பர்னாஸ் கல்லறைக்கு இழுத்துச் சென்றார்கள்.