விண்டோஸ் உலாவி வழக்கு: தேர்வு யார் கையில்?

புதிய கணினியை வாங்கித் திறந்ததும் அதில் ஓர் இணைய உலாவி தயாராக இருந்தால், வேறொன்றைத் தேடிப் பதிவிறக்குபவர்கள் எத்தனை பேர்? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆண்டுக்கணக்கில் வழக்காடியதற்கு இந்தக் கேள்வியே முக்கியக் காரணம்.

1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர்தான் முன்னணி உலாவி. ஆனால், தனிநபர் கணினிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் விண்டோஸ் இயங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை அதனுடன் சேர்த்து இலவசமாகவே கொடுத்தது. இலவசம் என்றால் வாடிக்கையாளருக்கு லாபம்தானே என்று தோன்றும். நிறுவனத்தின் வாதமும் கிட்டத்தட்ட அதுதான்: உலாவி விண்டோசின் ஓர் அங்கம், வேறு உலாவியைப் பயன்படுத்த யாருக்கும் தடையில்லை.

1998 மே மாதம் அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. விசாரணையில் ஒப்பந்தங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. கணினித் தயாரிப்பாளர்கள் எக்ஸ்புளோரர் சின்னத்தைத் திரையிலிருந்து அகற்றக் கூடாது என்பது நிபந்தனை. விண்டோஸ் 98ல் மற்ற மென்பொருள்களை நீக்குவதுபோல் அதை நீக்கவும் வழியில்லை. ஆக, கணினி கடைக்கு வருமுன்பே தேர்வு சுருங்கிவிட்டது. ‘தடையில்லை’ என்ற வாதம் இங்கேதான் பலவீனமாகிறது.

2000 ஜூனில், நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தாலும், ஏகபோகத்தைக் காக்கச் சட்டவிரோதமாக நடந்துகொண்டது உண்மை என்று உறுதிசெய்தது. (வழக்கு நடக்கும்போதே செய்தியாளர்களிடம் பேசிய நீதிபதி, வழக்கிலிருந்து விலக்கப்பட்டார்!) கடைசியில் சமரசம். அதற்குள் நெட்ஸ்கேப் சந்தையை இழந்துவிட்டது.

ஐரோப்பிய ஆணையம் 2004ல் 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. மீடியா பிளேயர் இல்லாத விண்டோசையும் விற்கச் சொன்னது. விலை ஒன்றாகவே இருந்ததால் அதை வாங்க ஆளில்லை. 2010ல் வந்த ஏற்பாடு மேலானது: 12 உலாவிகளைத் திரையில் காட்டிப் பயனரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஆனால், 2011ல் வந்த ஒரு புதுப்பிப்பில் அந்தத் திரை காணாமல்போனது. தொழில்நுட்பக் கோளாறு என்றது நிறுவனம். ஏறத்தாழ 14 மாதங்களில் 15 மில்லியன் பயனர்கள் அதைப் பார்க்கவே இல்லை. 2013ல் மேலும் 561 மில்லியன் யூரோ அபராதம்.

அடுத்து இதே கேள்வி திறன்பேசிக்கு இடம்பெயர்ந்தது. பிளே ஸ்டோர் வேண்டுமானால் குரோமையும் கூகுள் தேடலையும் முன்கூட்டியே பதிய வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2018ல் கூகுளுக்கு 4.34 பில்லியன் யூரோ அபராதம் விதித்தது அதே ஆணையம்.