வியூக விளையாட்டுகளில் 'நாகரிகம்': எந்தச் சமூகத்துக்கு இடம் கிடைக்கிறது?

ஒரு மக்கள் கூட்டத்தை நாகரிகம் என்று அழைக்க என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வி, தொல்லியலாளர்களும் வரலாற்றாசிரியர்களும் நெடுங்காலமாக விவாதித்துவரும் ஒன்று. கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதே கேள்விக்குக் கணினி வியூக விளையாட்டுகளும் தம் வழியில் விடை சொல்லி வருகின்றன. பாடநூல்களைத் திறந்திராத இளைஞர்கள் பலர் உலக வரலாற்றை முதலில் சந்திப்பது இந்த விளையாட்டுகளில்தான் என்பதால், அந்த விடை அற்பமானதல்ல.

இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது, சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைக்க, மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'சிவிலைசேஷன்'. அதில் 14 நாகரிகங்கள் இருந்தன. ரோமானியர், கிரேக்கர், எகிப்தியர், பாபிலோனியர், சீனர், இந்தியர் ஆகியோருடன் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ரஷ்யர், மங்கோலியர், அஸ்டெக்குகள், ஜூலுக்கள் ஆகியோரும் இடம்பெற்றனர். 1776இல் சுதந்திரம் அறிவித்த அமெரிக்கர்களும் கிறிஸ்துவுக்கு முன் 4000ஆம் ஆண்டிலேயே குடியேற்றத்துக்குப் புறப்பட்டனர். அரேபியர், பாரசீகர், துருக்கியர் எவரும் அப்பட்டியலில் இல்லை.

பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இரண்டே வேடங்கள். ஒன்று, நகரங்களைத் தாக்கும் 'காட்டுமிராண்டிகள்'. மற்றது, வரைபடத்தில் சிதறிக்கிடக்கும் சிறு கிராமங்கள். ஆட்டக்காரரின் படை அக்கிராமத்துக்குள் நுழைந்தால் பொன்னோ, ஒரு தொழில்நுட்ப அறிவோ, கூலிப்படையோ கிடைக்கலாம். அத்துடன் கிராமம் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும்.

நகரமா, வெற்றியா?

தொல்லியலாளர் கார்டன் சைல்ட் 1950இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், நகர வாழ்வுக்கு மாறிய சமூகங்களை இனம்காணப் பத்து அடையாளங்களைக் குறிப்பிட்டார். பெரிய குடியிருப்புகள், உழவு செய்யாத முழுநேரக் கைவினைஞர்கள், ஓரிடத்தில் குவிக்கப்படும் உபரி, பெருங்கட்டடங்கள், ஆளும் வர்க்கம், எழுத்து, தொலைதூர வணிகம் ஆகியவை அவற்றுள் அடங்கும். விளையாட்டுகளின் அமைப்பு பெரும்பாலும் இதையொட்டியே செல்கிறது. முதலில் நகரம், பின்னர் எழுத்து, பின்னர் அதிசயக் கட்டடங்கள்.

இந்த அளவுகோலின் சிக்கல் உண்மை வரலாற்றிலேயே தெரிகிறது. இன்காக்கள் எழுத்தின்றி, கயிற்று முடிச்சுகளில் கணக்கு வைத்து ஒரு பேரரசை நடத்தினர். விளையாட்டுக்குள் வந்த இன்காக்களோ மற்றவர்களைப் போலவே எழுத்தையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஆனால் நகரமே நிபந்தனை என்றால், நாடோடிகளான மங்கோலியர் 1991ஆம் ஆண்டுப் பட்டியலில் எப்படி இடம்பெற்றனர்? 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு 2000இல் வந்த இணைப்பில் ஹூணர்கள் சேர்க்கப்பட்டனர். மற்ற எல்லோரும் மக்கள்தொகையைப் பெருக்க வீடுகள் கட்ட வேண்டியிருக்க, ஹூணர்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. படையெடுத்து வென்றவர்களுக்கு விதி தளர்த்தப்பட்டது. எவரையும் வெல்லாத மேய்ச்சல் சமூகங்களுக்கு அத்தகைய சலுகை எளிதில் கிடைக்கவில்லை. நடைமுறையில் இயங்கும் அளவுகோல் பண்பாடு அல்ல, அரசும் படையும்தான் என்று முடிவுகொள்ள இடமிருக்கிறது.

சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டியது. அரசு இல்லாத நிலங்கள் குடியேற்றத்துக்குத் திறந்துகிடக்கும் வெற்றிடங்கள். அங்குள்ள மக்கள் ஓர் எண்ணிக்கை மட்டுமே. மேற்கத்தேயர் அல்லாத அரசுகள் முன்னேற 'மேற்குமயமாதல்' என்ற ஏற்பாடும் இருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டு வேறொரு முறை புகுத்தப்பட்டது.

சேர்க்கப்பட்டவர்களின் ஆட்சேபம்

விடுபட்டோரைச் சேர்த்துவிட்டால் போதும் என்பதும் எளிதான தீர்வாக அமையவில்லை. 2007இல் 'சிவிலைசேஷன் 4' விளையாட்டின் ஓர் இணைப்பில் அமெரிக்கப் பூர்விக மக்கள் அனைவரும் ஒரே நாகரிகமாக்கப்பட்டனர். தலைவர் லகோட்டாக்களின் சிட்டிங் புல். படைவீரர்கள் செயென் மரபினர். சிறப்புக் கட்டடமோ வடமேற்குக் கடற்கரை மக்களின் குலக்கம்பம். ஐரோப்பாவில் இப்படி ஒரு கலவையை எவரும் முன்வைத்திருக்கமாட்டார்கள்.

அடுத்த பதிப்பில், 1680இல் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்த பியூப்லோ மக்களின் தலைவர் போப்பேயைச் சேர்க்கத் திட்டமிடப்பட்டது. பியூப்லோ தலைவர்கள் உடன்படாததால் அது கைவிடப்பட்டு, 2013இல் ஷோஷோனி மக்கள் சேர்க்கப்பட்டனர்.

2018இல் கனடாவின் கிரீ மக்களும் அவர்களின் தலைவர் பவுண்ட்மேக்கரும் இடம்பெற்றபோது, பவுண்ட்மேக்கர் கிரீ சமூகத்தின் மில்டன் டூட்டூசிஸ் ஆட்சேபம் தெரிவித்தார். பிறரை வென்று நிலத்தைக் கைப்பற்றுவது குடியேற்றவாதிகளின் விழுமியம். தம் மக்களும் அதையே விரும்பினர் என்ற தோற்றத்தை விளையாட்டு ஏற்படுத்துகிறது என்பது அவரது வாதம். 1885இல் தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டுச் சிறை சென்றவர் பவுண்ட்மேக்கர். கனடா அரசு அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது 2019இல்தான். ஒரு தலைவரைப் பெருமைப்படுத்தும் முயற்சியே அவர் எதிர்த்து நின்றதை அவர் மீது ஏற்றிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

2025 பிப்ரவரியில் வெளியான 'சிவிலைசேஷன் 7'க்காக, ஃபிராக்சிஸ் நிறுவனம் ஷானி மக்களின் நிர்வாகத்துடன் முன்கூட்டியே இணைந்து பணியாற்றியது. தலைவர் டெகும்சே, அழிவின் விளிம்பில் உள்ள ஷானி மொழியிலேயே பேசுகிறார்.

தமிழர்களைப் பொறுத்தவரை, 'இந்தியர்' என்ற ஒற்றைப் பெயருக்குள் அவர்கள் அடங்கியிருந்த நிலை அண்மையில்தான் மாறியது. 2022இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' இந்தியர்களைப் பிரித்து, திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் ஆகியோரைப் புதிதாகச் சேர்த்தது. திராவிடருக்கான கதைத்தொடரின் நாயகன் இராஜேந்திர சோழன். 'சிவிலைசேஷன் 7'இல் சோழர்கள் தனி நாகரிகமாகவே வருகின்றனர். இரண்டு விளையாட்டுகளும் தமிழரை உள்ளே அழைத்துவந்தது கடல் கடந்து படையெடுத்த பேரரசு வழியாகத்தான். சங்க இலக்கியத்தின் வழியாக அல்ல.

'சிவிலைசேஷன் 7' காலத்துக்குக் காலம் நாகரிகத்தை மாற்றிக்கொள்ளும் முறையையும் கொண்டுவந்தது. அது வெளியானபோது, பண்டைக் காலத்துக்கான இந்தியத் தெரிவு மௌரியர் மட்டுமே. மௌரியராக ஆடியவருக்கு அடுத்த காலத்தில் சோழராகும் வழி திறந்தது. அசோகரின் கல்வெட்டுகளோ சோழரையும் பாண்டியரையும் அவரது ஆட்சிக்கு வெளியே இருந்த அயலவர்களாகவே குறிப்பிடுகின்றன.